பாதத்தை அரிக்கும் புகை

கால் ஆணி என்று எண்ணிச் சிலர் மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொள்கின்றனர். வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சிலர் தைலம் தேய்க்கின்றனர். சர்க்கரை நோயோ என்று அஞ்சி இரத்தத்தைப் பரிசோதித்து, சர்க்கரை இல்லை என்றதும் நிம்மதியோடு வீடு திரும்புகின்றனர் இன்னும் சிலர். ஆனால் வலி நீங்குவதில்லை. சிறிது தூரம் நடந்தால் உள்ளங்காலின் வளைவில் பிடித்து இழுக்கிறது, நின்றால் தணிகிறது, மீண்டும் நடந்தால் மீண்டும் வருகிறது. சில மாதங்கள் சென்றபின் நடவாதிருக்கும்போதும், குறிப்பாக இரவு நேரத்தில், வலி தோன்றுகிறது. படுத்தால் பொறுக்க முடிவதில்லை. கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் நோயாளி. விரல் நுனி சில்லிட்டு, சிவந்து, பின்னர் நீலம் பாரித்து, ஒரு நாள் நகத்தின் ஓரத்தில் ஆறாத புண் காணப்படுகிறது.

இவ்வாறு துன்புறுகிறவர் முதியவர் அல்லர். பெரும்பாலும் 45 வயதைக் கடவாதவர். கொத்தனாராகவோ, வண்டி ஓட்டுபவராகவோ, சுமை தூக்குபவராகவோ இருந்து, இரண்டு மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர். அவரிடம் மாறாமல் காணப்படும் பழக்கம் ஒன்று உண்டு. அதுவே புகையிலை.

மருத்துவர்கள் இந்நோயைப் 'பர்கர் நோய்' என்பர். 'திராம்போ ஆஞ்சைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ்' என்ற நீண்ட பெயரும் இதற்கு உண்டு. உறைகட்டி, நாள அழற்சி, அடைத்து அழித்தல் ஆகிய மூன்று பொருள்களையும் அந்த ஒரே பெயரில் திணித்திருக்கின்றனர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நோயை அது சரியாகவே விளக்குகிறது. 1879ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறுவை மருத்துவரான பெலிக்ஸ் வான் வினிவார்ட்டர், அறுத்தெடுக்கப்பட்ட ஒரு காலை ஆராய்ந்து, அதன் இரத்த நாளங்கள் விசித்திரமான முறையில் அடைபட்டிருந்ததை எழுதிவைத்தார். அதே 1879இல் வியன்னாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்றவர் லியோ பர்கர். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் வெட்டியெடுக்கப்பட்ட பதினொரு கைகால்களைக் கூறு கூறாக ஆராய்ந்து, 1908இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தவர் அவரே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதரிடையே அவர் இதனைக் கண்டமையால், இது ஓர் இனத்துக்கே உரிய நோய் என்ற எண்ணம் சில காலம் நிலவியது. புகையிலை போகும் இடமெல்லாம் இந்நோயும் போகிறது என்பது பின்னர் விளங்கிற்று. இன்று மேலைநாடுகளில் இது அருகிவிட்டது. ஜப்பான், கொரியா, மத்திய கிழக்கு நாடுகள், நம் இந்தியா ஆகிய இடங்களில் இன்னும் அருகவில்லை.

சாதாரணமாக வயதானவர்களுக்கு வரும் நாள அடைப்பினின்றும் இது வேறுபட்டது. அங்கே கொழுப்பு நாளத்தின் சுவரில் படிந்து, ஆண்டுக்கணக்கில் தடித்து வழியைக் குறுக்குகிறது. பர்கர் நோயிலோ சுவரின் அமைப்பு பெரும்பாலும் கெடாமலே இருக்கிறது. உள்ளே உருவாகும் உறைகட்டிதான் அழற்சியணுக்கள் நிறைந்து கொதித்துக் கிடக்கிறது. அது பெரிய நாளங்களையும் நாடுவதில்லை. முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும் உள்ள சிறு நாளங்களையே தேடிப் பிடிக்கிறது. தமனிகளை மட்டுமன்றிச் சிரைகளையும் தாக்குகிறது. ஆகவே சிலருக்குக் காலின் தோலுக்கடியில் சிவந்த, தொட்டால் வலிக்கும் கயிறு போன்ற தடிப்பு தோன்றி, சில நாட்களில் மறைந்து, வேறோரிடத்தில் மறுபடியும் எழும். இதைக் கொசுக்கடி என்றும் அக்கி என்றும் எண்ணி விட்டுவிடுகின்றனர்.

புகை நுரையீரலுக்குள் போகிறது, சரி. அது எவ்வாறு கால்விரலைக் கறுக்கச் செய்கிறது? நம்மிடம் பலர் இவ்வாறு கேட்டிருக்கின்றனர். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் படித்தும் கேட்டும் அறிந்ததை அடுக்களை வழியாகவே விளக்க முயல்கிறோம்.

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும் தாய்மார் அதனை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுகின்றனர். போடாவிட்டால் கறுத்துவிடும். கறுக்கச் செய்வது காற்றிலுள்ள பிராணவாயு. அதே வாயுதான் நெடுநாள் வைத்த தேங்காயெண்ணெயில் காறல் வாடையை உண்டாக்குகிறது, இரும்பில் துருவேற்றுகிறது. நாம் உயிர் வாழ்வதும் அந்த வாயுவால்தான். உடலின் ஒவ்வோர் அணுவும் அதனைக் கொண்டே உணவை எரித்து ஆற்றல் பெறுகிறது. அடுப்பெரிந்தால் பொறி பறக்குமன்றோ? அவ்வாறே இங்கும் சில பொறிகள் தெறிக்கின்றன. வேதியியலார் அவற்றைக் கட்டற்ற மூலக்கூறுகள் என்கின்றனர். இணையிழந்த ஒற்றை மின்னணுவைச் சுமந்து நிற்பதால், அருகிலுள்ள எதையேனும் பற்றி அதன் மின்னணுவைப் பறித்துக்கொள்வது அவற்றின் இயல்பு. பறிகொடுத்தது அடுத்ததைத் தாக்கும். இப்பொறிகளை அவிப்பதற்கென்றே உடலில் காவலர் உண்டு. அவர்களில் முதன்மையான ஒரு நொதியை 1969இல் அமெரிக்க விஞ்ஞானியரான ஜோ மெக்கார்டும் இர்வின் பிரிடோவிச்சும் கண்டறிந்தனர். பொறிகள் பெருகிக் காவல் போதாமற்போகும் நிலைக்கு 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர். அப்பெயரை வழக்கில் நிறுத்தியவர் ஜெர்மானிய அறிஞரான ஹெல்முட் சீஸ், ஆண்டு 1985.

இனிப் புகையைப் பார்ப்போம். எரியும் சிகரெட்டின் ஒரே இழுப்பில் உள்ள கட்டற்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளந்தவர்கள், ஒன்று என்று எழுதிப் பதினைந்து சுழிகளை இட வேண்டும் என்கின்றனர். நாள் ஒன்றுக்கு ஒரு கட்டுப் பீடி புகைப்பவரின் கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கலாம். பீடியின் சங்கதி இன்னும் மோசம். அதில் புகையிலைத் தூள் குறைவுதான். ஆனால் பீடி இலை சிகரெட்டுத் தாளைப்போல் தானே எரிவதில்லை, இழுக்காவிட்டால் அணைந்துவிடுகிறது. ஆகவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சிகரெட்டைவிட அதிகமாகவே உட்செல்கின்றன. 'பீடிதானே, சிகரெட்டு அல்லவே' என்று ஆறுதல் கூறிக்கொள்வோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

நம் இரத்த நாளங்கள் வெறும் குழாய்கள் அல்ல. அவற்றின் உட்புறத்தில் ஓர் அணு மட்டுமே கனமுள்ள மெல்லிய படலம் விரிந்துள்ளது. இதனை ஏதோ சுவர்ப்பூச்சு என்றே நெடுங்காலம் கருதிவந்தனர். ராபர்ட் பர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் பெருநாளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே மருந்தை இட்டால் சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. காரணத்தைத் துருவியபோது, தயாரிக்கும்போது உட்படலம் தேய்ந்துபோன துண்டுகளே தளராமல் இருந்தன என்று தெரிந்தது. 1980இல் இதனை வெளியிட்டார். நாளத்தைத் தளரச்செய்யும் பொருளை அந்தப் படலமே சுரக்கிறது என்பதும், அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயுவே என்பதும் அதன்பின் வெளிப்பட்டன. 1998இல் பர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. துண்டைச் சரியாகத் தயாரிக்கவில்லை என்று தூக்கியெறிந்திருந்தால் இந்த உண்மை இன்னும் எத்தனை காலம் மறைந்து கிடந்திருக்குமோ!

அந்த நைட்ரிக் ஆக்சைடுதான் நாளத்தை விரித்து வைக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் பற்றாமல் தடுக்கிறது. புகையால் பெருகிய பொறிகள் முதலில் விழுங்குவதும் அதனையே. விழுங்குவதோடு நில்லாமல், அதனோடு கூடிப் பெராக்சிநைட்ரைட்டு என்ற இன்னும் கொடிய பொருளாக மாறிப் படலத்தையே அரிக்கின்றன. நாளம் சுருங்குகிறது, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. எதிரியை எரிக்க வந்த வெள்ளணுக்களும் தம் பங்குக்குப் பொறிகளைக் கக்குகின்றன. ஆகவே தீ தீயை வளர்க்கிறது. விரல் நுனியிலுள்ள நூல் போன்ற நாளம் எத்தனை நாள் தாங்கும்?

பர்கர் நோயாளரின் நோயுறாத கையில்கூட நாளங்கள் சரியாகத் தளர்வதில்லை என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அவர்களது இரத்தத்தில் கொழுப்புச் சிதைவின் அடையாளமான மலாண்டையால்டிகைடு என்ற பொருளின் அளவும் மிகுந்து காணப்படுகிறது. காறிய எண்ணெயைக் கண்டறிய உணவு ஆய்வாளர் கையாளும் சோதனையே இதற்கும் பயன்படுகிறது. காறல் என்று நாம் மேலே சொன்னது வெறும் உவமை அன்று என்பதை இதனால் அறியலாம்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பொறிகளே நோய்க்கு மூலகாரணமா, நோய் மூண்டபின் பெருகும் விளைவா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. கோடிக்கணக்கானவர் புகைக்கின்றனர்; சிலருக்கே இந்நோய் வருகிறது. பிறவிக் கூறும் இருக்கலாம் என்பர். 2005இல் ஜப்பானிய மருத்துவர் சிலர், அடைபட்ட நாளங்களில் ஈறு நோய்க் கிருமிகளின் தடயத்தைக் கண்டனர். எப்படியாயினும், புகையிலை இன்றி இந்நோய் வளர்வதில்லை என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

'பொறிகள்தாமே காரணம்? அவற்றை அவிக்கும் மாத்திரை உண்டென்கிறார்களே! வைட்டமின் மாத்திரையை விழுங்கிவிட்டுப் புகைத்தால் என்ன?' என்று படித்த இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேள்வி சாமர்த்தியமானதே. இக்கேள்வியைப் பின்லாந்து நாட்டில் 29,133 பேரைக் கொண்டு சோதித்துவிட்டனர். அனைவரும் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைக்கும் ஆடவர். சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்குக் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்தனர். 1994இல் முடிவு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 100க்கு 18 என்ற விகிதத்தில் கூடியிருந்தது! ஆய்வு புற்றுநோயைப் பற்றியதுதான், பர்கர் நோயைப் பற்றியதன்று. எனினும் காவலர்களைப் புட்டியில் அடைத்து விற்பவர்களின் பேச்சை நம்புமுன் நினைவுகூரத் தக்கது. நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் தாராளமாக உண்ணட்டும், அவை நல்லவையே. அவை புகைப்பதற்கு அனுமதிச் சீட்டாகமாட்டா.

சிகிச்சை இல்லையா என்றால், உண்டு. இலோப்ரோஸ்ட் என்ற மருந்தைச் சிரை வழியாகச் சில வாரம் ஏற்றினால் வலி தணிந்து புண் ஆற உதவுகிறது, செலவு மிகுதி. இடுப்புப் பகுதியில் ஒரு நரம்புத் தொடரை வெட்டி நாளங்களை விரியச் செய்யும் அறுவையும், வயிற்றிலுள்ள கொழுப்புத் திரையைக் காலுக்கு இழுத்துவந்து புதிய நாளங்கள் முளைக்கச் செய்யும் அறுவையும் நம் நாட்டில் நடைபெறுகின்றன. இதயத்துக்குச் செய்வதுபோல் மாற்றுவழி தைப்பது இங்குப் பெரும்பாலும் இயலுவதில்லை. அடைப்பு நுனிவரை ஓடியிருப்பதால், தைப்பதற்கு நல்ல நாளம் கிடைப்பதில்லை. இவையாவும் துணைச் சிகிச்சைகளே. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 112 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட கணக்கு இதனைத் தெளிவாக்குகிறது. புகையை அறவே விட்டவர்களில் 100க்கு 94 பேர் எந்த உறுப்பையும் இழக்கவில்லை. விடாதவர்களில் 100க்கு 43 பேர் ஒன்றோ பலவோ இழந்தனர். இவ்வளவு தெளிவான கணக்கு மருத்துவ உலகில் அடிக்கடி அகப்படுவதில்லை.

அறவே விடுதல் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு இருபதை இரண்டாகக் குறைத்தாலும் நோய் எரிந்துகொண்டே இருக்கலாம். பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்பவரும், மூக்குப்பொடிக்குத் தாவுகிறவரும் உண்டு. வாயில் அடக்கும் புகையிலையாலும் மூக்குப்பொடியாலும் இந்நோய் தொடர்ந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். புகையை மறக்க உதவும் நிக்கோட்டின் சூயிங்கம் மற்றவர்களுக்கு நல்ல துணை. இந்நோயாளருக்கு மட்டும் அதனைக் கொடுக்க மருத்துவர் தயங்குவர். நிக்கோட்டின் கலவாத மாத்திரைகள் உள்ளன. அவற்றை மருத்துவரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும்.

குடும்பத்தாரிடம் சில வார்த்தைகள். நோயுற்றோரைக் காணச் செல்லும்போது, 'சாமி வருகிறார்' என்றதும் பீடியைத் தலையணைக்கடியில் தள்ளும் கைகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பீடி மறைகிறது, வாடை மறைவதில்லை. விரல்களை இழந்தபின்னும் எஞ்சிய விரலிடுக்கில் சிகரெட்டைச் செருகிப் புகைப்போர் உண்டு என்பது மருத்துவர் அனைவரும் அறிந்ததே. இது மனத்திண்மைக் குறைவு என்று ஏசிவிடுவது எளிது. நிக்கோட்டின் மூளையில் போடும் பிணைப்பு ஏச்சுக்கு அவிழ்வதில்லை. மனைவி ஏச, கணவன் ஒளிக்க, மகன் கடைக்கு ஓடிப் பீடி வாங்கிவர என்று வீடு மூன்று கட்சியாகப் பிரிவதால் நோயே வளர்கிறது. பிள்ளைகளைப் பீடி வாங்க அனுப்பும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். விடுவதற்கென்று ஒரு நாளைக் குறித்து, வீட்டில் உள்ளதையெல்லாம் அன்று அப்புறப்படுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அவர் எரிந்து விழுவார், உறக்கம் கெடும், அதனை நோயின் பேச்சாகக் கொள்ளுங்கள். தவறி ஒன்று புகைத்துவிட்டால், மருத்துவரிடம் மறையாமல் சொல்லும் துணிவை அவருக்கு அளியுங்கள். சிறுநீர்ச் சோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். துக்க வீடுகளில் வருவோருக்குத் தட்டில் பீடியும் சிகரெட்டும் வைக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. நம் பங்குகளில் அது நின்றால் நன்று என்பது நம் கருத்து.

புகைப்பவர் ஒருவருக்கு நடக்கையில் பாதம் வலித்தாலோ, விரல் நிறம் மாறினாலோ, பாதத்தின் மேற்புறத்தில் நாடி துடிக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். கைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி முட்டியை இறுக மூட, மணிக்கட்டின் இரு நாடிகளையும் மருத்துவர் அழுத்திப் பிடித்து, கையைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்தை மட்டும் விடுவிப்பார். வெளுத்த உள்ளங்கை விரைவில் சிவக்காவிடில் அப்பக்கத்து நாளம் அடைபட்டுள்ளது என்று பொருள். 1929இல் எட்கர் ஆலன் என்பவர் இந்நோயைக் கண்டறியவே இதன் மூல வடிவத்தை வகுத்தார். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையைச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யலாம்.

'என் கணவருக்கு வலது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிப் புகையை விட்டு என்ன பயன் என்கிறார்' என்று ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார். அம்மா, பயன் உண்டு. இந்நோய் ஓர் உறுப்போடு நிற்பது அரிது. இடது காலிலும் கைகளிலும் அறிகுறி தோன்றாமலே அடைப்பு தொடங்கியிருக்கக்கூடும். இன்று விட்டாலும் அங்கெல்லாம் நோய் அடங்கும். அறுவை செய்த காயம் ஆறுவதற்கும் அதுவே வழி. குளிரில் காலுறை அணியச் சொல்லுங்கள்; வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்; வலிக்கு இதமாக இருக்கிறதென்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், உணர்ச்சி குன்றிய விரல் வெந்துபோகும்; நகத்தை வெட்டும்போது சதையைக் கீறாமல் நேராக வெட்டுங்கள். புகையை விட உதவி கேட்க அரசின் தொலைபேசி எண் ஒன்று உண்டு. புகையிலைப் பொருள்களின் உறைகளிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.